நாற்பத்தொன்பது அளவு சிவப்பு சைக்கிள்

காஞ்சிபுரம்
11-6-2006

அன்புள்ள அண்ணனுக்கு,

மங்கை எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் இருப்பது அப்பா தறிக்கு நேர் மேலே, சுவரில். நான் டிரையத்லான் என்று வாயெடுத்தால் போதும், மனுஷன் நாடா போடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அதனால் இனிமேல் இந்த விஷயம் எல்லாம் தபாலில்தான்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். செப்டம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை, சென்னை. எழுநூற்று ஐம்பது மீட்டர் நீச்சல், கரையேறியதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். போன பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் உட்கார்ந்து நீதானே இதை எனக்குச் சொன்னாய்? "உனக்கு நீச்சல் வருது, கால்ல பலம் இருக்குது, நீ போனா இன்னா?" என்றாய். நீ சும்மா சொன்னாயோ என்னவோ, நான் அன்றிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை.

ஓட்டத்துக்கு ஏனாத்தூர் ரோடு இருக்கிறது. நீச்சலுக்கு மாகறலில் தணிகாசலம் மாமாவின் கிணறு. சைக்கிள்தான் உதைக்கிறது. என் லேடீஸ் சைக்கிளில் வாலாஜாபாத் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கூடை வேறு லொடலொட என்று ஆடுகிறது.

நீ தறியை விட்டுவிட்டு பெங்களூர் போகிறேன் என்றபோது வீட்டில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும், கரைக்கு யார் உட்காருவார்கள் என்று அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். நான் உட்காருகிறேன் என்று சொன்ன பிறகுதான் உன்னை விட்டார். அன்று பஸ் ஸ்டாண்டில் நீ, "உனக்கு இன்னா வேணும்னாலும் கேளு மங்கை" என்றாய். இரண்டு வருஷமாக நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உங்கள் சைக்கிள் கடையில் பழைய மாடல்களை வேலை செய்கிறவர்களுக்கே கொடுப்பார்கள் என்றாயே, அதில் எனக்கு ஒன்று எடுத்துக் கொடு.

எது நல்லது என்று நீயே முடிவு செய். அலுமினியமா, இரும்பா? கியர் எத்தனை வேண்டும்? வளைந்த ஹேண்டிலைப் பிடித்தால் முதுகு போய்விடும் என்று சைக்கிள் கடைக் கண்ணாயிரம் அண்ணன் பயமுறுத்துகிறார், அது நிஜமா?

கால் உள்ளளவு கேட்பாய் என்று தெரியும். வீட்டு ஸ்கேலில் பாதி எண்கள் அழிந்துவிட்டன. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, தரையிலிருந்து தொடை இடுக்கு வரை, நம் வழக்கப்படி இழை பிடித்து அளந்துவிட்டேன். பாவில் மிஞ்சிய அரக்கு இழை. ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை இதில் வைத்திருக்கிறேன். கடையில் டேப் வைத்து அளந்துகொள்.

அன்புடன்
மங்கை

பெங்களூர்
20-6-2006

அன்புள்ள மங்கைக்கு,

கடிதமும் இழையும் பத்திரமாக வந்தன. இழையைப் பார்த்துவிட்டு எங்கள் மேனேஜர் சிரித்தார். தங்கையின் காலைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள் என்று கடை முழுக்கச் சொல்லிவிட்டார்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி, எத்தனை கியர் என்பதெல்லாம் அப்புறம். முதலில் அளவு. ரோடு சைக்கிள் வாங்குவது செருப்பு வாங்குகிற மாதிரிதான். எவ்வளவு நல்ல செருப்பானாலும் அடுத்தவர் அளவில் நடக்க முடியாது. பாரின் மேல் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பெரிய சைக்கிளில் சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. சீட் இறங்கும், ஆனால் ஹேண்டில் பக்கத்தில் வராது. எட்டி எட்டிப் பிடித்து இருபது கிலோமீட்டரில் தோள் கழன்றுவிடும், அவசரத்துக்கு பிரேக் எட்டாது. இங்கே வருகிறவர்களுக்கு நான் தினமும் பாடுகிற பாட்டு இது.

அலுமினியம் எடை குறைவு. ஆனால் நம் வாலாஜாபாத் ரோட்டின் பள்ளம் ஒவ்வொன்றையும் கைக்குக் கொண்டுவந்து கொடுக்கும். இரும்பு கொஞ்சம் கனம், ஆனால் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். முதல் போட்டிக்கு இரும்புதான் என் கட்சி. முன்னால் இரண்டு, பின்னால் ஏழு கியர் போதும். வளைந்த ஹேண்டிலில் மேலே பிடித்தும் ஓட்டலாம், கண்ணாயிரம் அண்ணனிடம் சொல். காலைப் பெடலோடு பூட்டுகிற ஷூ இந்தத் தடவை வேண்டாம், விழுந்து எழுவதற்கே நேரம் போய்விடும்.

உன் இழையை டேப்பில் வைத்தேன். நாற்பத்தொன்பது அளவு பிரேம் உனக்குச் சரி. அந்த அளவில் இங்கே ஒரு சிவப்பு இரும்பு சைக்கிள் இரண்டு வருஷமாகக் கொக்கியில் தொங்குகிறது. நம் ஊரில் எல்லோருக்கும் பெரிய சைக்கிள்தான் வேண்டும், சின்ன அளவை யாரும் தொடுவதில்லை. உனக்காகவே காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. மேனேஜரிடம் சொல்லி உன் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன்.

ஜூலைக்குள் அனுப்புகிறேன். ஓடு, நீந்து, அப்பாவிடம் வாயாடாதே.

உன் அண்ணன்
தினகரன்

காஞ்சிபுரம்
9-7-2006

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவப்பு என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெயர் வேறு ஒட்டியிருக்கிறாயாம். மங்கை என்று எழுதினாயா, முழுப் பெயரும் எழுதினாயா?

ஞாயிறுதோறும் மாகறல் போகிறேன். உன் பழைய டீ சர்ட்டையும் டிராக் பேன்ட்டையும் போட்டுக்கொண்டு கிணற்றில் இறங்குகிறேன். சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் நாற்பது சுற்றுக்கு எழுநூற்று ஐம்பது மீட்டர் என்று மாமா கணக்குப் போட்டார். எண்ணுவதற்காக நாற்பது வேர்க்கடலையை எடுத்துவைத்து, சுற்றுக்கு ஒன்று தள்ளிவைப்பதாக ஏற்பாடு. தள்ளிவைத்ததை எல்லாம் தின்றுவிட்டு, "எத்தினி ஆச்சுமா?" என்று என்னையே கேட்கிறார். நான் போன வாரம் அறுபது சுற்றாவது நீந்தியிருப்பேன்.

இன்னொரு விஷயம். ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஸ்கூலில் வாத்தியார். அவர் அம்மா பெயர் லோகாம்பாள், நன்றாகப் பேசுகிறார். பையன் என்னிடம் என்ன படித்தாய் என்று மட்டும் கேட்டார். எனக்குப் பிடிக்கவில்லை என்றில்லை. ஆனால் எதுவானாலும் செப்டம்பர் பத்துக்குப் பிறகு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மாதம்தான் இருக்கிறது. கியர் பழக வேண்டும், சைக்கிளைச் சீக்கிரம் அனுப்பு.

மங்கை

பெங்களூர்
4-8-2006

அன்புள்ள மங்கைக்கு,

சைக்கிளை நேற்று லாரி பார்சலில் போட்டுவிட்டேன். ரசீது இதில் இருக்கிறது. நாலைந்து நாளில் வரும்.

நான் சொன்ன சிவப்பு சைக்கிளை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். இது நீலம், அலுமினியம், ஐம்பத்தாறு அளவு. உன் இழையை மறுபடி அளந்து பார்த்தபோது முதலில் அளந்ததைவிட நீளமாக இருந்தது, அந்த நீளத்துக்குத்தான் இதை எடுத்தேன். இழை மழையில் நனைந்து நீண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. இருந்தாலும் ஐம்பத்தாறு ஒன்றும் மோசமில்லை, சீட்டை இறக்கிக்கொள்.

சரியாக வரவில்லை என்றால் மனதை வருத்திக்கொள்ளாதே. போட்டி ஒவ்வொரு வருஷமும் வரும். உடம்பையும் பார்த்துக்கொள். கடையில் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தினகரன்

காஞ்சிபுரம்
14-8-2006

அண்ணனுக்கு,

சைக்கிள் வந்தது. கண்ணாயிரம் அண்ணன்தான் அட்டையைப் பிரித்து மாட்டிக் கொடுத்தார். பாரின் மேல் கால் போட்டு நின்று பார்க்கச் சொன்னார். நிற்க முடியவில்லை. இரண்டு விரல் இடைவெளி எங்கே, குதிகாலைத் தூக்கி நின்றாலும் பார் இடித்தது. அவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத உங்கண்ணனா அனுப்பிச்சான்?" என்று கேட்டார். அப்புறம் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்படியும் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டிப் பார்த்தேன். ஏனாத்தூர் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டவில்லை. முழங்கையும் முட்டியும் தோல் உரிந்து, நாலு நாளாகத் தறியில் உட்கார முடியாமல் இருக்கிறேன். பிரேக் எட்டாது என்று முதல் கடிதத்தில் எழுதியவன் நீதான். அந்தக் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது.

நான் விழுந்ததற்காக இதை எழுதவில்லை. இழைக்காக எழுதுகிறேன்.

நனைந்து நீண்டதா? யாரிடம் சொல்கிறாய்? அது பச்சைப் பட்டு இல்லை. காய்ச்சி, சாயம் ஏற்றி, முறுக்கிய பாவு இழை. நீயும் நானும் எத்தனை விடியற்காலை தெருவில் பாவைக் கட்டி, கஞ்சி தெளித்துப் புருசு போட்டிருக்கிறோம்? முறுக்கிய இழை நனைந்தால் இறுகும், நீளாது. இறுகி என் கால் குட்டையாகிவிட்டது என்று சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் யோசித்திருப்பேன். ஊரில் வேறு யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால் நம்பலாம். பத்து வயதிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து இழை முடிந்தவளிடம் சொல்கிறாயே, என்னை அவ்வளவு முட்டாள் என்றா நினைத்தாய்?

இழை பத்திரமாக வந்தது என்று எழுதியதும் நீதான். ஜூனில் பத்திரமாக வந்தது கடைக்குள் எப்படி மழையில் நனையும்? அதே அளவில் வெட்டிய இன்னொரு இழை என்னிடம் இருக்கிறது. கண்ணாயிரம் அண்ணனின் டேப்பில் வைத்தேன். எழுபத்து மூன்று சென்டிமீட்டர், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அட்டைப்பெட்டி வாசலில் இறங்கியபோது, நான் அதைப் பிரிக்கும் முன்பே, அப்பா திரும்பிப் பார்க்காமல், "சேரலன்னா போவுது, உடுமா" என்றார். சேராது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இரண்டே கேள்வி. சிவப்பு சைக்கிள் விற்றுவிட்டதா? நீ வேண்டுமென்றே பெரிய அளவை அனுப்பினாயா? ஆம், இல்லை என்று எழுது. போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன்.

மங்கையர்க்கரசி

பெங்களூர்
21-8-2006

மங்கை,

ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் அம்மாதான் எடுத்தாள். நீ தெரு முனைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள், பக்கத்தில் உன் நாடா சத்தம் கேட்டது.

சிவப்பு சைக்கிள் விற்கவில்லை. உன் பெயர்ச் சீட்டோடு இன்னும் கொக்கியில்தான் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கும் ஆம்தான்.

ஜூலைக் கடைசியில் அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தார். ஆரணிக்காரர்கள் நிச்சயத்துக்கு நாள் கேட்கிறார்கள், புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு மாதம் கிடப்பில் போய்விடும், ஆவணிக்குள் இருக்கிற நல்ல நாள் செப்டம்பர் பத்து ஒன்றுதான் என்றார். அன்றைக்குப் பெண் ஈர டிரஸ்ஸோடு ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். பிறகு, "நான் வேணாம்னா அவ கேக்க மாட்டா. நீ சொன்னா கேப்பா. நீ சொல்லுப்பா" என்றார். அவர் என்னிடம் கெஞ்சி நான் கேட்டதே இல்லை மங்கை. தறியை விட்டு வந்ததற்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். வேண்டாம் என்று எழுத வரவில்லை. மொட்டை மாடியில் உனக்கு ஆசை காட்டியவன் நான். எந்த முகத்தோடு எழுதுவேன்? சைக்கிள் சேரவில்லை என்றால் நீயே விட்டுவிடுவாய், யாரும் யாரிடமும் கூடாது என்று சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அப்பாவுக்கும் பேச்சுக் காப்பாற்றியது ஆகும், உனக்கும் நான் சைக்கிள் அனுப்பியது ஆகும் என்று கணக்குப் போட்டேன். சைக்கிள் அவளுக்குச் சேராது என்று அப்பாவிடமும் சொல்லிவைத்தேன். இழைக் கதை அந்த நேரத்தில் வாயில் வந்த பொய். தபாலில் போட்ட மறுநாளே அதை நீ பிடித்துவிடுவாய் என்று தெரிந்துவிட்டது.

நீ விழுவாய் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும், அதுதான் என் வேலை. இங்கே வருகிற யாருக்கும் அளவில்லாத சைக்கிளை நான் கொடுத்ததில்லை, கொடுத்தது உனக்கு மட்டும்தான்.

சிவப்பு சைக்கிளை நாளைக்கே அனுப்புகிறேன். இன்னும் இருபது நாள் இருக்கிறது, உனக்கு அது போதும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

தினகரன்

பெங்களூர்
4-9-2006

மங்கை,

சிவப்பு சைக்கிள் திரும்பி வந்துவிட்டது. பெட்டி பிரிக்கப்படவே இல்லை. பெறுபவர் மறுத்துவிட்டார் என்று லாரி ஆபீஸில் எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எதில் ஓட்டப் போகிறாய்? ஓட்டுகிறாயா, இல்லையா? அம்மாவிடம் கேட்டால் அழுகிறாள். அப்பா போனை வைத்துவிடுகிறார்.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது சென்னையில் இருப்பேன். வரட்டுமா? ஒரு வரி எழுதினால் போதும்.

தினகரன்

காஞ்சிபுரம்
13-9-2006

அண்ணனுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதில் எனக்கு இஷ்டமில்லை.

நான் ஓட்டினேன். நீந்தினேன், ஓட்டினேன், ஓடினேன். ஐம்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தாறாவதாக வந்தேன். நீச்சலில் மட்டும் எனக்கு முன்னால் ஒன்பது பேர்தான்.

சைக்கிள் எது என்று கேட்டாய். ஏனாத்தூரில் குமாரவேல் என்று ஒரு லெக்சரர் இருக்கிறார், பனைமரம் மாதிரி உயரம். வெளியூரில் படித்த காலத்தில் வாங்கிய பழைய இரும்பு ரேஸ் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. அவருக்கு அது ரொம்பச் சின்னது, முட்டி ஹேண்டிலில் இடிக்கும். கண்ணாயிரம் அண்ணன் அவரிடம் பேசினார். உன் நீலத்தை அவர் எடுத்துக்கொண்டார், அதை எனக்குக் கொடுத்தார். பெயின்ட் உரிந்து என்ன நிறம் என்றே தெரியாது. கியர் பத்துதான், அதிலும் ஒன்று விழாது. பாரின் மேல் கால் போட்டு நின்றேன், இரண்டு விரல் இடைவெளி இருந்தது. ஒரு மணி நேரம் வாலாஜாபாத் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, ஹேண்டிலை மாற்றிப் பிடித்துப் பார்த்து, பிரேக் எட்டுகிறதா என்று பத்துத் தடவை பார்த்து, பிறகுதான் சரி என்றேன். நானே நின்று பார்த்து எடுத்த சைக்கிள் அது.

சிவப்பை ஏன் திருப்பினேன் என்று உனக்குப் புரியாமல் இருக்காது. அதில் ஏறினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய்.

ஆரணி விஷயம் கேள். உன் கடிதத்தைப் படித்த மறுநாள் நானே லோகாம்பாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். பத்தாம் தேதி எனக்கு சென்னையில் ஒரு போட்டி இருக்கிறது, நிச்சயத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். அவர், "அதுக்கு இன்னாமா, ஐப்பசில வெச்சிக்கலாம். எங்ககிட்ட யாரும் சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. பையன் போட்டி எங்கே என்று விசாரித்து, ஞாயிறு காலை ஒரு தண்ணீர் பாட்டிலோடு கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அப்பா அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலே தறியில் உட்காருகிறார். என் கோபம் அவர் மேல் இல்லை. அவர் எனக்கு எதையும் தருவதாகச் சொன்னவர் இல்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. ஆரணியில் ஒருவரிடம் கேட்டிருக்கலாம். என்னிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை உனக்காக விட்டுக்கூடக் கொடுத்திருப்பேன். தறியில் உட்கார்ந்தவளுக்கு இதுவா பெரிசு? ஆனால் நீ எனக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்தே என்னை ஏமாற்றினாய். அளவு முக்கியம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, அந்த அளவைத் தெரிந்தே தப்பாகக் கொடுத்தாய். அதை என்னால் மறக்க முடியவில்லை, மறக்கப் போவதாக உனக்கு ஆறுதலும் சொல்லப் போவதில்லை.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். கேட்காமல் வந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஞாயிறு விடிகாலையில் அங்கே நம்பர் கொடுக்கும் மேஜையில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், வயது, ரத்த வகை. அதன் கீழே, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கோடு. பின்னால் வரிசை நின்றது, சீக்கிரம் எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். நீச்சலுக்குப் போய் நின்ற பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. உன் பெயரையும், பெங்களூர் நம்பரையும், உறவு என்ற இடத்தில் அண்ணன் என்றும் எழுதியிருந்தேன்.

விழுந்து முட்டி உரிந்தபோது நான் அழவில்லை. உன் கடிதத்தைப் படித்தும் அழவில்லை. அங்கே, கையில் எழுதிய போட்டி நம்பரோடு, அத்தனை பேருக்கு நடுவில் நின்று அழுதேன். திரும்பிப் போய் உன் பெயரை அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அடித்துவிட்டு யார் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள், தண்ணீரில் குதித்துவிட்டேன்.

மங்கையர்க்கரசி